சனி வளையம் வெறும் கோடாகத் தெரிகிறது. அதோடு மகள் கேட்ட ஒரு கேள்வி

லேத்_ஓசூர் எழுதியது:

வணக்கம். ஓசூரில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். வானியல் எல்லாம் படித்தவன் கிடையாது. ஆகஸ்டில் ஒருவர் வீடு காலி செய்யும்போது விற்ற 114 மில்லிமீட்டர் ஆடித் தொலைநோக்கியை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கினதே சனி வளையத்தைப் பார்க்கத்தான். ஸ்டாண்டில் ஒரு நட்டு மரை தேய்ந்திருந்தது, அதைச் சரிசெய்தேன். அப்புறம் ஓவர்டைம் வந்தது, மழை வந்தது. கடைசியில் நவம்பர் 22, சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத்தான் மேகம் விலகியது.

பார்த்தால் வளையமே இல்லை. மஞ்சளாக ஒரு உருண்டை, அதன் நடுவில் ஊசியைச் செருகியது போல இரண்டு பக்கமும் மெல்லிய கோடு. 25 மில்லிமீட்டர் கண் லென்ஸில் அதுவும் சரியாகத் தெரியவில்லை, இன்னும் பெரிதாக்கிக் காட்டும் 10 மில்லிமீட்டர் லென்ஸ் போட்ட பிறகுதான் தெரிந்தது. எட்டாவது படிக்கும் மகள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

என் கேள்வி: ஆடி கோணலாக உட்கார்ந்திருக்குமோ? அப்படியானால் எப்படிச் சரிசெய்வது?

மகளின் கேள்வி வேறு. வளையம் முழுக்கத் தனித்தனிப் பனித்துண்டுகள் என்கிறார்கள். எல்லாப் பொருளும் ஒன்றையொன்று இழுக்கும் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "அப்போ இத்தனை காலத்துல எல்லாம் ஒட்டி ஒரு நிலாவாகியிருக்கணுமே?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பட்டறையில் காந்தத்தை நீட்டினால் இரும்புத்தூள் ஓடிவந்து கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. அங்கே மட்டும் ஏன் அப்படியே கிடக்கிறது?

மொட்டைமாடி_மதுரை எழுதியது:

ஆடியில் கை வைக்காதீர்கள் சகோ, ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் வாங்கிய வருடம்தான் கோளாறு. சனி சூரியனைச் சுற்ற 29 வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. அதில் இரண்டு முறை வளையம் நமக்குப் பக்கவாட்டில், தட்டை விளிம்பு வழியாகப் பார்ப்பது போலத் திரும்பும். 2025 மார்ச் 23 அன்று மிகச் சரியாக விளிம்பு தெரிந்தது. அப்போது சனி சூரியனை ஒட்டி இருந்ததால் யாரும் பார்க்க முடியவில்லை. நடுவில் கொஞ்சம் திறந்து, இந்த நவம்பரில் மறுபடி அரை டிகிரிக்கும் குறைவாகச் சாய்ந்திருக்கிறது. நீங்கள் மிகச் சரியாக அந்த வாரத்தில் பார்த்திருக்கிறீர்கள்!

இதே ஏமாற்றம் 1612இல் கலிலியோவுக்கும் வந்தது. 1610இல் சனிக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி ஏதோ பார்த்தவர், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் காதைக் காணோம். சனி தன் பிள்ளைகளையே விழுங்கிவிட்டதா என்று எழுதினார். அது வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் சொன்னது 1659இல். 2032இல் முழுசாகத் திறந்திருக்கும், அதுவரை தொலைநோக்கியை விற்றுவிடாதீர்கள். மகளின் கேள்விக்கு இங்கே ஒரு டீச்சர் இருக்கிறார், வருவார்.

கணக்கு_டீச்சர் எழுதியது:

வந்துவிட்டேன். தம்பி, மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். வாணியம்பாடிப் பக்கம் 31 வருடம் கணக்கு எடுத்தேன், இதைக் கேட்ட பிள்ளைகள் இரண்டு பேர்தான்.

காந்தத்தை உதாரணம் சொன்னீர்களே, அங்கே காந்தத்துக்கும் தூளுக்கும் நடுவில் மூன்றாவது ஆள் இல்லை. இங்கே இருக்கிறார். இரண்டு பனிக்கட்டிகள் சனியைச் சுற்றுகின்றன என்று வையுங்கள். ஒன்று சனிக்குக் கொஞ்சம் கிட்டே, இன்னொன்று கொஞ்சம் எட்ட. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன, சரி. சனியும் இரண்டையும் இழுக்கிறது. ஆனால் கிட்டே இருப்பதைக் கூடுதலாகவும் எட்ட இருப்பதைக் குறைவாகவும் இழுக்கிறது. அந்த வித்தியாசம் இரண்டையும் பிரிக்கப் பார்க்கும். சனியை நெருங்க நெருங்க வித்தியாசம் பெருகிக்கொண்டே போகும். ஓர் எல்லைக்கு உள்ளே போனால், துண்டுகளின் இழுப்பைவிட சனியின் பிரிப்பு ஜெயித்துவிடும். 1848இல் எதுவார் ரோச் என்ற பிரெஞ்சுக் கணிதர் இதைக் கணக்குப் போட்டார். கோளும் அதைச் சுற்றுவதும் ஒரே அடர்த்தி என்றால் எல்லை கோளின் ஆரத்தைப் போல 2.44 மடங்கு. சனி தண்ணீரைவிட லேசான கோள், அதனால் பனிக்கட்டிக்கு எல்லை கொஞ்சம் உள்ளே வரும்: மையத்திலிருந்து சுமார் 1,34,000 கிலோமீட்டர்.

இப்போது நிஜ வளையத்தைப் பாருங்கள். பளிச்சென்று தெரியும் வளையங்களில் வெளியே இருப்பது ஏ வளையம். அதன் வெளி ஓரம் 1,36,800 கிலோமீட்டரில், கிட்டத்தட்ட அந்த எல்லையிலேயே முடிகிறது. பின்னம் போட்டு, கன மூலம் எடுத்து, கரும்பலகையில் இந்த விடை வந்த அன்று எனக்கே உடம்பு சிலிர்த்தது. பிள்ளைகள் மணி அடிக்கக் காத்திருந்தார்கள், அது வேறு கதை.

ஆக, எல்லைக்கு வெளியே அதே பனி சேர்ந்தால் நிலா. உள்ளே இருந்தால் வளையம். உள்ளே இருப்பவை சும்மாவும் கிடக்கவில்லை. ஒட்டிப் பார்க்கின்றன. ஒரு துண்டு சனியை ஒரு சுற்றுச் சுற்ற 6 முதல் 14 மணி நேரம். அதற்குள் பத்து, இருபது மீட்டர் நீளத்துக்குக் குவியலாகச் சேர்ந்து, மறுபடி கலைந்துவிடுகின்றன. தினம் தினம் நிலா ஆகப் பார்த்துத் தோற்றுப்போகிற கூட்டம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

லேத்_ஓசூர் எழுதியது:

ரொம்ப நன்றி டீச்சர், மதுரை அண்ணனுக்கும். மகள் மறுபடி மாடி ஏறினாள். இந்த முறை கோட்டை ஐந்து நிமிடம் பார்த்தாள்.

ஒரு கணக்கு போட்டேன், சரியா என்று சொல்லுங்கள். வளையத்தின் கனம் பத்து மீட்டர் அளவுதான் என்று படித்தேன். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் சுமார் 2,73,000 கிலோமீட்டர். எங்கள் பட்டறையில் இருப்பதில் மெல்லிசான ஷிம் 0.05 மில்லிமீட்டர். அதை வளையம் என்று வைத்தால், அந்தத் தகட்டை கிட்டத்தட்ட 1.4 கிலோமீட்டர் விட்டத்துக்கு வட்டமாக வெட்ட வேண்டும். வளையாமல், நெளியாமல்! இருபது வருடமாக லேத் ஓட்டுகிறேன், ஒரு அடித் தகட்டை அவ்வளவு மட்டமாக நிறுத்த உயிர் போகிறது. யார் ஃபேஸிங் பிடித்தது இதை?

இன்னொன்று. வளையத்துக்கு உள்ளேயே பான் என்று ஒரு நிலா இருக்கிறதாமே. உள்ளே நிலா சேராது என்றீர்களே? அப்புறம், கோடி கோடித் துண்டுகள் மோதிக்கொண்டே இருந்தால் ஓரம் மங்கலாகப் பரவித்தானே போகவேண்டும். படங்களில் கத்தியால் அறுத்தது போல இருக்கிறது.

கணக்கு_டீச்சர் எழுதியது:

கணக்கு சரி. பத்துக்குப் பத்து.

மட்டமாக்கியது மோதல்தான். சாய்ந்த பாதையில் போகிற துண்டு ஒவ்வொரு சுற்றிலும் நடுத்தளத்தை இரண்டு முறை குறுக்கே கடக்க வேண்டும். கடக்கும்போதெல்லாம் யார் மேலாவது இடிக்கும், மேலும் கீழும் போகிற வேகம் கொஞ்சம் குறையும். கடைசியில் எல்லாம் ஒரே தளத்தில் படிந்துவிடும். இப்போது அங்கே பக்கத்துத் துண்டுகள் உரசிக்கொள்ளும் வேகம் விநாடிக்குச் சில மில்லிமீட்டர்தான்.

பான் கேள்வியும் நியாயமானது. ரோச்சின் கணக்கு, சொந்த ஈர்ப்பைத் தவிர வேறு எந்தப் பிடிப்பும் இல்லாத தளர்ந்த பொருளுக்கு. கெட்டியான ஒரு கட்டி ஏற்கெனவே இருந்தால் அது உள்ளேயும் பிழைக்கும். பானின் நடுவில் அப்படி ஒரு கட்டி இருந்து, அதன்மேல் வளையத்துப் பனி படிந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கருத்து. 28 கிலோமீட்டர் உருண்டை, இடுப்பைச் சுற்றி விளிம்பு தள்ளிக்கொண்டு நிற்கும். சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் 2017 மார்ச்சில் எடுத்த படத்தை மகளுக்குக் காட்டுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் ரவியோலி என்றார்கள். சோமாஸ் என்று சொன்னால் நமக்குப் புரியும்.

கத்தி ஓரத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு விழாவில் வட்ட ஓட்டப் பாதை போடுவோம் அல்லவா. சனியைச் சுற்றும் பாதைகளில் உள் பாதைக்காரன் எப்போதும் வேகமாக ஓடுவான், வெளிப் பாதைக்காரன் மெதுவாக. வளையத்துக்கு வெளியே ஒரு நிலா ஓடுகிறது. உள்ளே இருக்கும் துண்டு பின்னாலிருந்து வந்து அதைத் தாண்டுகிறது. நெருங்கும்போது நிலா முன்னால் இருக்கிறது, துண்டை முன்னோக்கி இழுக்கிறது. தாண்டிய பிறகு பின்னால் இருக்கிறது, பின்னோக்கி இழுக்கிறது. இரண்டும் சமம் என்றுதான் தோன்றும். ஆனால் நெருங்கும்போதே துண்டின் பாதை நிலாப் பக்கம் லேசாக வளைந்துவிட்டது. அதனால் தாண்டிய பிறகு நிலா இன்னும் கிட்டே இருக்கிறது, பின்னிழுப்பு கொஞ்சம் கூடுதல். முடிவில் துண்டுக்கு நஷ்டம். நஷ்டப்பட்ட துண்டு உள்ளே இறங்கும். அது இழந்ததை நிலா வாங்கிக்கொண்டு வெளியே நகரும். பக்கத்துத் துண்டுகளோடு இடித்து இடித்துப் பாதை மறுபடி வட்டமாகிவிடும், அடுத்த சுற்றில் இதே கதை.

கவனித்தீர்களா? நிலா இழுக்கிறது, துண்டு விலகிப் போகிறது. வகுப்பில் இதை நான்கு பிள்ளைகளை ஓடவிட்டுக் காட்டப் பார்த்தேன். விழுந்து ஒருவன் முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம்.

பான் வளையத்துக்கு நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் இப்படித் தள்ளி, 325 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு தெருவே திறந்து வைத்திருக்கிறது. என்கே இடைவெளி என்பது அதுதான். 8 கிலோமீட்டர் மட்டுமே இருக்கும் டாஃப்னிஸ் என்ற நிலா இன்னொரு குறுகிய சந்து திறந்து, போகிற வழியில் ஓரத்தில் அலை எழுப்பிக்கொண்டு போகிறது. ஏ வளையத்துக்கு வெளியே இருக்கும் ஒல்லியான எஃப் வளையத்துக்கு உள்பக்கம் புரோமிதியஸ் என்ற நிலா, வெளிப்பக்கம் பண்டோரா என்ற நிலா. புரோமிதியஸ் அந்த வளையத்தை நெருங்கும்போதெல்லாம் பிய்த்து எடுத்துவிட்டுப் போகும். ஏ வளையத்துக்கு உள்பக்கம் இருக்கும் பி வளையத்தின் ஓரத்தை எங்கோ தொலைவில் இருக்கும் மைமாஸ் நிலா பிடித்து வைத்திருக்கிறது. ஓரத்துத் துண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது மைமாஸ் ஒரு சுற்று, ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தட்டுவது மாதிரி. ஏ வளையத்தின் ஓரத்தைப் பிடித்திருப்பது ஜேனஸ் நிலா; துண்டு ஏழு சுற்றுச் சுற்றும்போது ஜேனஸ் ஆறு சுற்று.

இதெல்லாம் சனிக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். இதில் நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்தது. அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டின் குழு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்துகொண்டே அதைப் பதிவு செய்தது. கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் ஐந்து முறை மங்கியது, கோள் விலகிய பிறகு மறுபக்கமும் அதே தூரங்களில் மங்கியது. அதே இரவு ஜவ்வாது மலை காவலூரில் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் நட்சத்திரம் மங்குவதைப் பிடித்தார்கள். யுரேனஸின் புது நிலா என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். நிலாவா வளையமா என்பது ஒரு பக்கத்து மங்கலை மட்டும் வைத்துத் தெரியாது. மறுபக்கமும் அதே தூரத்தில் மங்கினால்தான் வளையம். இதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரவு முழுக்கக் கண்விழித்து, நட்சத்திரம் மங்கியதைச் சரியாகப் பிடித்தவர்கள் அவர்கள்.

பிள்ளைகளை அங்கே அழைத்துப்போக ஒரு பள்ளியில் மூன்று முறை அனுமதி கேட்டு எழுதினேன். வெயில் நேரத்தில் என்ன தெரியும் என்று பதில் வந்தது. சனிக்கிழமை மாலைக்குத்தான் கேட்டிருந்தேன். போகட்டும்.

அப்புறம் பெரும்பாலான யுரேனஸ் வளையங்கள் சில கிலோமீட்டர் அகலத்துக்கு ஒல்லியாக இருந்தன, பரவவே இல்லை. இரண்டு பக்கமும் குட்டி நிலாக்கள் மேய்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று கோல்ட்ரைச், ட்ரெமெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979இல் கணக்கில் சொன்னார்கள். 1986இல் வாயேஜர் 2 விண்கலம் போனபோது, யுரேனஸின் எப்சிலான் வளையத்துக்கு இந்தப் பக்கம் கார்டீலியா, அந்தப் பக்கம் ஒஃபீலியா என்று இரண்டு குட்டி நிலாக்கள்.

வால்மீன்87 எழுதியது:

எல்லாம் சரி டீச்சர், ஆனால் வளையம் எப்போது வந்தது என்பதைச் சொல்லவே இல்லையே. அது முடிந்துபோன விஷயம். வயது வெறும் 10 கோடி வருடம். ஆரம்பகால டைனோசர்கள் பார்த்தபோது வளையமே இல்லை. இன்னும் 30 கோடி வருடத்தில் சனிக்குள் மழையாகப் பெய்து காலி. காசினியே நிரூபித்துவிட்டது.

கணக்கு_டீச்சர் எழுதியது:

மழை உண்மை. காசினி 2017இல் கடைசியாக வளையத்துக்கும் கோளுக்கும் நடுவில் 22 முறை புகுந்து வந்தபோது, பொருள் உள்ளே கொட்டுவதை நேராகவே அளந்தது. அந்தச் சுற்றுகளில்தான் வளையத்தின் எடையும் கிடைத்தது. மைமாஸ் நிலாவில் ஐந்தில் இரண்டு பங்கு. எல்லாவற்றையும் அள்ளி உருட்டினால் 300 கிலோமீட்டர் சொச்சம் விட்டமுள்ள ஒரு பனி உருண்டை.

"முடிந்துபோன விஷயம்" என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இளசு என்பதற்கு முக்கிய ஆதாரம் அழுக்கு. வளையம் 95 சதவீதத்துக்கும் மேல் சுத்தமான தண்ணீர்ப் பனி. வெளியிலிருந்து கரும்தூசி விழுந்துகொண்டே இருக்கிறது. காசினியின் தூசி அளவி 13 வருடத்தில் அப்படி வெளியிலிருந்து வந்த 163 துகள்களைப் பிடித்தது. அதை வைத்து, இவ்வளவு அழுக்குச் சேர 40 கோடி வருடத்துக்கு மேல் ஆகியிருக்காது என்று 2023இல் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த வருடமே ஹியோடோ என்ற ஆய்வாளரின் குழு மறுத்தது. அந்தத் தூசி வந்து மோதுகிற வேகத்தில் ஆவியாகிப் போகிறது, வளையத்தில் ஒட்டுவது மிகக் குறைவு, ஆகவே சுத்தமாக இருப்பது மட்டும் இளமைக்குச் சாட்சி ஆகாது என்றது. வெள்ளைச் சட்டையைப் பார்த்துப் புதுசு என்று சொல்லலாம். தினம் துவைக்கிறார்களா என்று கேட்காமல் சொல்லக்கூடாது.

எங்கிருந்து வந்தது என்பதிலும் இரண்டு கட்சி. ராபின் கேனப் என்ற ஆய்வாளர் 2010இல் சொன்னது: சனி பிறந்த காலத்தில், அதன் மிகப்பெரிய நிலாவான டைட்டன் அளவுள்ள இன்னொரு நிலா உள்ளே சுழன்று இறங்கியது. வெளியே இருந்த பனித்தோல் மட்டும் உரிந்து வளையமாக நின்றது, பாறை நடுப்பகுதி கோளுக்குள் விழுந்துவிட்டது. வெறும் பனியாக இருப்பதற்கு இது அழகான பதில். 2022இல் ஜாக் விஸ்டம் குழு சொன்னது: கிரிசாலிஸ் என்று ஒரு நிலா இருந்தது, சுமார் 16 கோடி வருடத்துக்கு முன் பாதை தடுமாறிச் சனியை உரசப் போய்ச் சிதறியது. சனியின் அச்சு ஏன் 27 டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதையும் அதே கதையில் முடிச்சுப் போடுகிறார்கள். எனக்கு முதலாவது பிடிக்கும், ஆனால் என் பிடித்தம் கணக்கு ஆகாது.

லேத்_ஓசூர் எழுதியது:

அதாவது சக்கில் ஜாப்பைப் பிடித்து டர்னிங் போடுவது மாதிரி. மேல்தோல் சுருளாக வெளியே, ராடு உள்ளே. புரிந்தது டீச்சர்.

அப்போது இதற்கு நேர் எதிர் நடக்குமா? வளையத்திலிருந்து புது நிலா வெளியே வருமா?

கணக்கு_டீச்சர் எழுதியது:

வரும் என்றுதான் கணக்குச் சொல்கிறது. மோதி மோதி வளையம் பரவும், ஓரத்துப் பனி ரோச் எல்லையைத் தாண்டும், தாண்டியதும் சேரும். சேர்ந்த நிலா, முன்பு சொன்னேனே, வளையத்திடமிருந்து வாங்கி வாங்கி வெளியே நகரும். ஏ வளையத்துக்கு வெளியே நிலாக்களைப் பாருங்கள். அட்லஸ் 30 கிலோமீட்டர், அடுத்து புரோமிதியஸ், பண்டோரா, அதற்கும் அப்பால் ஜேனஸ் 180 கிலோமீட்டர். பொதுவாகத் தள்ளிப் போகப் போகப் பெரிசு. முன்னே பிறந்தது முன்னே நகர்ந்து, வழியில் மற்றதையும் சேர்த்துக்கொண்டது என்று ஷார்னோஸ், சால்மோன், கிரிடா மூவரும் 2010இல் காட்டினார்கள்.

2013 ஏப்ரல் 15 அன்று காசினி எடுத்த படத்தில் ஏ வளையத்தின் ஓரத்தில் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வீக்கம் இருந்தது. கண்டுபிடித்த கார்ல் மர்ரி அதைச் செய்த குட்டி நிலாவுக்கு பெக்கி என்று தன் மாமியார் பெயரை வைத்தார். ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. பிறக்கிறதா, உடைகிறதா என்று சொல்ல முடியவில்லை.

செவ்வாயின் நிலா ஃபோபோஸ் எதிர்த் திசையில் போகிறது. நூறு வருடத்துக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே இறங்குகிறது. சில கோடி வருடத்தில் நொறுங்கினால் செவ்வாய்க்கும் வளையம்.

லேத்_ஓசூர் எழுதியது:

நேற்று (டிசம்பர் 6) மறுபடி பார்த்தோம். கோடு இன்னும் கோடுதான். பக்கத்தில் ஒரு புள்ளி, டைட்டனாக இருக்கும் என்று மதுரை அண்ணன் போனில் சொன்னார். மகள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோட்டையும் புள்ளியையும் வரைந்து தேதி போட்டு வைத்திருக்கிறாள். பெக்கி இப்போது இருக்கிறதா என்று கேட்டாள். பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை, காசினி 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள் விழுந்துவிட்டது என்றேன். அப்போ வேறொன்று அனுப்பச் சொல்லுங்கள் என்கிறாள், ஏதோ நான் கையெழுத்துப் போட்டால் போகும் போல.

ஸ்டாண்டு நட்டு மறுபடி லூசாகிவிட்டது. திங்கட்கிழமை பித்தளையில் ஒன்று புதிதாக மரை போட்டு மாட்ட வேண்டும்.